தண்ணீர் ஓடும் திசை: இல்லாத நாட்டுக்கு ஒரு வரைபடம்

கற்பனை நாடு ஒன்றுக்குக் கையால் வரைபடம் போட உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தாளின் எந்த மூலை மேடு, எந்த மூலை பள்ளம் என்பதைத்தான். அது முடிவானால் ஆறு தன் வழியைத் தானே காட்டும். ஆற்றைப் பார்த்து ஊர்கள் அமையும். ஊர்களைப் பார்த்துச் சாலைகள் வரும். இந்த வரிசையைப் புரட்டி, முதலில் கோட்டைகளையும் பனிமலைகளையும் வரைந்துவிட்டு, வெற்றிடம் மிஞ்சிய இடத்தில் ஓர் ஆற்றை இழுத்துவிடுகிற படங்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றின் கோட்டழகைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சற்று நேரம் உற்றுப் பார்த்தால், அந்த நாட்டில் யாரும் ஒரு குடம் தண்ணீர் எடுத்ததில்லை என்பது தெரிந்துவிடுகிறது.

ஈரோட்டுப் பக்கத்தில் இருந்துகொண்டு, மையில் தோய்த்து எழுதும் நிப் பேனாவும் தூரிகையும் வைத்து இப்படிப்பட்ட நாடுகளை நான் வரைந்துவருகிறேன். சில நொடிகளில் ஒரு கண்டத்தையே உருவாக்கித் தரும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. அவற்றோடு எனக்குப் பகை ஒன்றும் இல்லை. கையால் வரைவதில் இருக்கும் நிதானம்தான் எனக்கு வேண்டியிருக்கிறது. ஒரு மலைக்கு இருபது முப்பது கோடுகள் இழுக்க வேண்டியிருப்பதால், அந்த மலை அங்கே இருந்துதான் ஆகவேண்டுமா என்ற கேள்வி நிப்பை மையில் தோய்க்கும்போதே எழுந்துவிடுகிறது. கதையை எழுதி முடித்துவிட்டு அதற்கு ஓர் அலங்காரமாக வரைபடம் சேர்ப்பவர்கள் இந்தக் கேள்வியின் பயனை இழந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் பிரேமாரில், மழையால் வீட்டுக்குள் அடைபட்டிருந்த நாட்களில், தம் மனைவியின் மகனான சிறுவனோடு பொழுதுபோக்காக ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். ‘புதையல் தீவு’ அந்தப் படத்திலிருந்து முளைத்த கதை. பதிப்பாளருக்கு அனுப்பிய மூலப் படம் தொலைந்துபோனதால், எழுதி முடித்த கதையைப் பார்த்துத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. அந்த இரண்டாவது படம் தமக்கு அந்தத் தீவாகவே தோன்றியதில்லை என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

படம் முதலில் வருவதென்றால், அந்தப் படத்துக்கு விதிகளை எங்கிருந்து எடுப்பது? பெரும்பாலோர் அயல்நாட்டு நாவல்களின் முன்பக்கப் படங்களிலிருந்து எடுக்கிறார்கள். நான் கொங்கு நாட்டிலிருந்து எடுக்கிறேன். ஊர்ப் பாசம் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய காரணம், நிலவியல் பாடம் கற்கிறவருக்கு இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட நிலம் எளிதில் அமையாது என்பது. மேற்கே சுவர்போல மலைகள். அச்சுவரில் ஒரே ஓர் இடைவெளி. அங்கிருந்து கிழக்கு நோக்கிச் சீராகச் சரியும் சமவெளி. சரிவின் அடியில் காவிரி. கோவை கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கரூர் ஏறத்தாழ 120 மீட்டரில் இருக்கிறது. இடையில் உள்ள எல்லா ஊர்களையும் இந்த ஒரு சரிவே ஆள்கிறது. கொங்கின் எல்லைகளைச் சொல்லும் பழைய வெண்பாகூட வடக்கே பெரும்பாலை, தெற்கே பழனியாகிய வைகாவூர், மேற்கே வெள்ளிமலை, கிழக்கே குளித்தலை என்று நான்கு இடங்களைச் சுட்டி நிறுத்திக்கொள்கிறது. நான்கு வரிகளில் ஒரு சட்டகம் கிடைத்துவிடுகிறது; உள்ளே நிரப்புவது வரைபவரின் வேலை.

முதலில் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் ஏறத்தாழ 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இத்தனை உயரமான மலைகளுக்கு இடையில் கணவாயின் தரை சில நூறு மீட்டர்கூட இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதி மழையைக் கொட்டிவிட்டு, கணவாய் வழியாக வெறுங்கையோடு உள்ளே நுழைகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்வதும், பல்லடம் உடுமலை வட்டாரங்களில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்பதும் அதனால்தான். வால்பாறைக்கு மேலுள்ள சின்னக்கல்லாறு நாட்டிலேயே மிகுந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. அங்கிருந்து மலையிறங்கி வந்தால் சமவெளியில் அந்த மழையில் சிறு பங்குதான் பெய்கிறது. பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் இடையே சாலை 64 கிலோமீட்டர்தான். ஆகவே கற்பனை நாட்டில் மலைத்தொடர் ஒன்றைப் பென்சிலால் குறித்தவுடனே, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தாளின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டுவைப்பது என் வழக்கம். அம்பு படும் பக்கம் காடு. மறுபக்கம் வறண்ட மேடு. அந்த அம்புக்குறியைப் பின்னால் அழித்துவிடலாம், அதன் விளைவை அழிக்க முடியாது.

அடுத்தது ஆறு. ஆறுகள் ஒன்றோடொன்று சேரும். கழிமுகத்தைத் தவிர வேறிடங்களில் பிரிந்து போவது மிக அரிது. ஓர் ஏரியிலிருந்து பொதுவாக ஒரு வழியாகத்தான் நீர் வெளியேறும். இந்த இரண்டு விதிகளை மீறும் படங்களைத்தான் இணையத்தில் அதிகம் கேலி செய்கிறார்கள். ஆனால் விதி தெரிந்தவர்களின் படங்களில் வேறொரு குறை வந்துவிடுகிறது: எல்லா ஆறுகளும் மலையில் பிறந்து நேராகக் கடலுக்கு நடந்துபோகின்றன. பவானியைப் பாருங்கள். நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியில் வளைந்து, திரும்பவும் கிழக்கு நோக்கித் தமிழ்நாட்டுக்குள் வந்து, மாயாற்றைச் சேர்த்துக்கொண்டு, கூடுதுறையில் காவிரியோடு கலக்கிறது. இப்படி ஓர் ஆற்றைக் கற்பனை வரைபடத்தில் போட்டால், ‘இது எப்படி மலைக்குள் போய்த் திரும்பி வரும்?’ என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பாறையின் போக்கும் பள்ளத்தாக்கின் வாட்டமும் அப்படித் திருப்பிவிட்டன என்பதே விடை. கற்பனை நாட்டில் ஓர் ஆற்றுக்காவது இப்படி ஒரு பிடிவாதமான வளைவு கொடுத்துவிட வேண்டும். அந்த வளைவுக்குள் அகப்பட்ட ஊர் எந்த அரசனுக்குச் சொந்தம் என்ற தகராறு தானாக வந்து சேரும்.

இயற்கையான ஆற்றைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது வெட்டப்பட்ட வாய்க்கால்தான். காலிங்கராயன் வாய்க்கால் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்னால் கட்டிய அணையில் புறப்பட்டு, ஈரோட்டைத் தொட்டுக்கொண்டு, கொடுமுடிப் பக்கம் நொய்யலில் போய்ச் சேர்கிறது. நீளம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நேர்கோட்டில் அளந்தால் தூரம் இதைவிட மிகக் குறைவு. வாய்க்கால் இவ்வளவு நெளிந்து போவதற்கு, ஒரு பாம்பு ஊர்ந்து வழி காட்டியது என்று ஊரில் கதை சொல்வார்கள். கதையை அப்படியே வைத்துக்கொண்டு, நெளிவின் காரணத்தை நிலத்தில் தேடினால் கிடைப்பது இதுதான்: தண்ணீர் தேங்காமலும் பாய்ந்து கரையை அரிக்காமலும் மெதுவாக இறங்க வேண்டுமென்றால், வாய்க்கால் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். மேடு குறுக்கிட்டால் சுற்றிப் போகும், பள்ளம் குறுக்கிட்டால் உள்வாங்கிப் போகும். அதாவது, வாய்க்காலின் கோடு ஏறத்தாழ ஒரு சமஉயரக் கோடு. நில அளவைத் துறை படத்தில் சமஉயரக் கோடுகளை வரைவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மண்வெட்டி கொண்டு தரையிலேயே ஒரு கோட்டை வரைந்துவிட்டார்கள்.

1950களில் வந்த கீழ்பவானி வாய்க்காலையும் இதோடு சேர்த்துப் பார்த்தால் படம் முழுமையாகும். பவானிசாகரிலிருந்து புறப்படும் அதன் நீளம் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். காலிங்கராயனைவிட உயரமான மட்டத்தில், அதற்கு மேற்கே தள்ளிப் போகிறது. இரண்டு வாய்க்கால்களையும் ஒரு வெள்ளைத் தாளில் வேறெந்தக் குறியும் இல்லாமல் வரைந்து காட்டினாலே, நிலம் எந்தப் பக்கம் சரிகிறது, எங்கே கரடு நிற்கிறது, எங்கே ஓடை குறுக்கே வருகிறது என்பதையெல்லாம் பழகிய கண் படித்துவிடும். என் கற்பனை நாடுகளில் மலைகளை வரைவதற்கு முன்பே ஒரு வாய்க்காலைப் போட்டுவிடுவது இதனால்தான். வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் நடுவே வயல். வாய்க்காலுக்கு மேலே, தண்ணீர் ஏறாத மேட்டாங்காடு. ஒரே கோடு இரண்டு வகை மனிதர்களை, இரண்டு வகை உணவுகளை, இரண்டு வகை வரிகளை உண்டாக்கிவிடுகிறது.

இந்தக் கண் எனக்குப் புத்தகத்தில் கிடைத்ததன்று. கல்லூரி விடுமுறை ஒன்றில், ஆங்கில நாவல் ஒன்றின் முன்பக்கத்தில் இருந்த வரைபடத்தைத் திண்ணையில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய்க்கால் முறைத் தண்ணீரிலேயே வாழ்நாளைக் கழித்த அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, அதை எட்டிப் பார்த்தார். படத்தின் நடுவே, மதிலும் கோபுரங்களுமாக ஒரு தலைநகர், தன்னந்தனிக் குன்றின்மேல் நின்றுகொண்டிருந்தது.

“ஏங் கண்ணு, இத்தன பெரிய ஊரு மேட்டு மேல இருக்குது. தண்ணிக்கு என்ன பண்ணுவாங்க?”

“இது கதைதானுங்க அப்புச்சி.”

“கதையா இருந்தாலும் குடிக்கோணுமல்ல?”

அந்த நாவலின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனால் அச்சிட்ட படத்தில் இருந்த பெரிய ஓட்டையை அவர் ஒரே பார்வையில் கண்டுவிட்டார். குன்றின்மேல் நகரம் இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சங்ககிரி மலைமேல் கோட்டை இருக்கத்தானே செய்கிறது. பாறையில் சுனை உண்டா, மழைநீரைப் பிடித்துவைக்கும் குழிகள் உண்டா, அல்லது அடிவாரத்திலிருந்து சுமந்து ஏற்றும் ஆட்கள் உண்டா என்று வரைந்தவர் யோசித்திருக்க வேண்டும் என்பதே கேள்வி. சுமந்து ஏற்றுகிறார்கள் என்றால் அடிவாரத்தில் ஒரு கிணறும், கிணற்றடியில் ஒரு சிற்றூரும், அங்கிருந்து மேலே ஒரு படிக்கட்டும் படத்தில் வந்தாக வேண்டும்.

சங்ககிரியைச் சொன்னதால் தனிக்குன்றுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேலைநாட்டுக் கற்பனைப் படங்களில் மலை என்றால் தொடர்தான்; முக்கோணங்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து தாளின் குறுக்கே போகும். கொங்குச் சமவெளியில் நடப்பவருக்குத் தெரியும் மலைகள் வேறு வகை. சென்னிமலை, சிவன்மலை, ஊதியூர், திருச்செங்கோடு என்று ஒவ்வொன்றும் தட்டையான நிலத்தில் தனித்தனியே எழுந்து நிற்கும். இடைப்பட்ட மென்மையான பாறை காலப்போக்கில் தேய்ந்துபோக, கடினமான பாறை எஞ்சி நின்றதன் விளைவு இது. வரைபடக்காரருக்கு இவை பெரும் கொடை. தொடர்மலை வழியை மறிக்கும். தனிக்குன்று வழியைக் காட்டும். எந்தக் குன்று வலது தோளுக்கு வந்தால் எந்த ஊர்ச் சந்தைக்குத் திரும்ப வேண்டும் என்று வழிப்போக்கர்கள் கணக்கு வைத்திருந்த நிலம் இது. ஆகவே இவற்றை நான் ஒரே முத்திரையால் குத்துவதில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் பக்கவாட்டுத் தோற்றத்தைக் கொடுக்கிறேன். ஒன்று முதுகு வளைந்தது, ஒன்று உச்சி பிளந்தது, ஒன்றன் மேல் கோயில்.

மரங்களிலும் இதே நியாயம்தான். ஊசியிலை மரங்களைக் கூட்டமாக வரைந்து ‘காடு’ என்று எழுதுவது ஏன் நமக்கும் பழக்கமாயிற்று என்று தெரியவில்லை. காங்கேயம் பகுதிக் கொறங்காட்டை, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தை, ஒருமுறை நின்று பார்த்தால் போதும். முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே குடை விரித்த வெள்வேல மரங்கள், மேயும் மாடுகள். இதற்கான குறியீடு எளிது: சதுரங்களாகப் பிரியும் புள்ளிக்கோடு வேலிக்கு, தட்டையான ஒரு பட்டையும் அதன்கீழ் சிறு தண்டும் வேலமரத்துக்கு. பனைக்கு ஒரு நெட்டுக்கோடும் உச்சியில் விசிறிபோல ஐந்தாறு கீறல்களும். தென்னைக்குத் தண்டு சற்றே சாய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பனையோடு குழம்பும். இந்த நான்கு குறிகளையும் பழகிவிட்டால் நம் வெயிலில் நம்பத்தகுந்த ஒரு கற்பனை நாடு கைக்கு வந்துவிடுகிறது.

இனிக் கருவிகள். தாளில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பேன். முதல் வரைவுகளுக்கு எதுவும் போதும். கரும்புச் சக்கையில் தாள் செய்யும் ஆலை புகழூரில் நம் காவிரிக்கரையிலேயே இருக்கிறது, அந்த வகை நகல்தாள் பென்சிலுக்கு நன்றாக ஒத்துழைக்கும். தூரிகையில் நீர் ஏற்றும்போதுதான் மெல்லிய தாள் நெளிந்துவிடும். இறுதிப் படத்துக்கு 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள, பருத்தித் தாள் வேண்டும். பனியன் துணியின் வெட்டுத்துண்டுகளிலிருந்து செய்த கைத்தாளும் கிடைக்கிறது. திருப்பூர்க்காரர்கள் இதில் சிறிது பெருமை கொள்ளலாம். ஆனால் கைத்தாளில் பசையேற்றம் சீராக இல்லாவிட்டால் மை வேர்விட்டுப் பரவும். ஒரு மூலையைக் கிழித்து, கோடு இழுத்துப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

மை நீருக்குக் கரையாததாக இருக்க வேண்டும். எழுதும் பேனாவில் ஊற்றும் மை பெரும்பாலும் சாயம். காய்ந்த பிறகும் ஈரத் தூரிகை பட்டால் கரைந்து ஓடும். இந்தியன் இங்க் என்று கேட்டு வாங்கும் கறுப்பு மையில் கரித்தூளும் அரக்கும் சேர்ந்திருப்பதால் காய்ந்தபின் அசையாது. அதே அரக்குதான் சாதாரணப் பேனாவின் உள்ளே போனால் அடைத்துவிடும். தோய்த்து எழுதும் நிப் இதற்காகவே தேவைப்படுகிறது. புதிய நிப்பின்மேல் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெய்ப்படலம் இருக்கும். அதைத் துடைக்காமல் தோய்த்தால் மை நிப்பில் நிற்காமல் முத்து முத்தாக உருண்டு விழும். கொஞ்சம் பற்பசை தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும்.

நிப் கையில் இருப்பதன் பயன் அழுத்தத்தில் இருக்கிறது. ஆற்றைக் கடல்முகத்தில் தொடங்கி மலையை நோக்கி இழுக்க வேண்டும்: அடியில் அழுத்தி, போகப்போக விரலைத் தளர்த்தி, கடைசியில் நிப்பைத் தாளிலிருந்து எடுத்துவிட்டால் ஆறு தானாக மெலிந்து ஊற்றுக்கண்ணில் முடியும். மலைச்சரிவுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கவாட்டில் பார்ப்பதுபோல முகடுகளை வரைவது. இன்னொன்று, மேலிருந்து பார்ப்பதுபோல நீர் வடியும் திசையில் குட்டிக் கீற்றுகளை அடுக்குவது. இரண்டாவதை யோகான் கெயார்க் லேமன் என்ற சாக்சனி நாட்டுப் படை அதிகாரி 1799இல் ஒரு முறையாக வகுத்தார்: சரிவு செங்குத்தாக ஆக ஆகக் கீற்று தடிக்க வேண்டும். 1802இல் சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தொடங்கிய பெரும் நில அளவைக்குப் பின் 19ஆம் நூற்றாண்டில் அச்சான இந்திய வரைபடங்களில் மலைகள் இந்தக் கீற்றுகளால்தான் நிழலேறி நிற்கின்றன. பொறுமையைச் சோதிக்கும் வேலை இது. ஆனாலும் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டைஊசி வளைவுகளைப் போன்ற ஒன்றை உங்கள் நாட்டில் வைக்க நினைத்தால் இந்த முறைதான் கைகொடுக்கும். பக்கவாட்டு முக்கோணத்தின்மேல் சாலையை வளைத்தால், வானத்தில் தொங்குவதுபோல் ஆகிவிடும்.

வெளிச்சம் வடமேற்கிலிருந்து, அதாவது தாளின் இடது மேல்மூலையிலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு வலப்பக்கச் சரிவுகளில் நிழல் போடுவது மரபு. மாற்றிப் போட்டால் பலருடைய கண்ணுக்கு மலை குழியாகத் தோன்றும். ஐரோப்பாவில் சூரியன் உச்சிப்பொழுதில் எப்போதும் தெற்கே இருப்பதால், வரைபட மரபு இயற்கைக்கு எதிரானது என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. நாம் இருப்பது ஏறத்தாழ 11 பாகை வட அகலாங்கில். சித்திரை தொடங்கி ஆவணி தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்திருக்கும். ஆகவே நம் ஊர்க் குன்றின்மேல் வைகாசிப் பிற்பகலில் விழும் வெளிச்சத்தைத்தான் வரைகிறோம் என்று நாம் துணிந்து சொல்லிக்கொள்ளலாம்.

எழுத்துகளைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தமிழில் வரைபடம் எழுதுவதற்கு முன்மாதிரிகள் குறைவு. ஆங்கிலப் படங்களில் நாட்டின் பெயரும் மலைத்தொடரின் பெயரும் பெரிய எழுத்துகளில், இடைவெளி விட்டுப் பரந்து கிடக்கும். சிற்றூர் சிறிய எழுத்தில் வரும். நீர்நிலைகள் சாய்வெழுத்தில் வரும். நமக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவே கிடையாது. சாய்த்து எழுதினால் தமிழ் அவசரத்தில் எழுதியதுபோல் தோன்றுகிறது. ஆகவே தரவரிசையை வேறு வழிகளில் காட்ட வேண்டியிருக்கிறது. நாட்டுப் பெயருக்கு உள்ளீடற்ற இரட்டைக்கோட்டு எழுத்து. நகரத்துக்குத் தடித்த கோடு. ஊருக்கு மெல்லிய கோடு. நீருக்கு நீலம் கலந்த மையில், ஆற்றின் வளைவோடு வளைந்து போகும் எழுத்து. இந்த நான்கும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன.

எழுத்தைப் பரப்பி எழுதுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. கொல்லிமலை என்ற பெயரை ஒரு மலைத்தொடரின் நீளத்துக்குப் பரப்பும்போது, ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் அதன் உடலோடு ஒட்டியே இருக்க வேண்டும். ‘லை’யின் இணைக்கொம்பும் அப்படித்தான். கொம்பைத் தனி எழுத்தாகக் கருதி இடைவெளி விட்டால் சொல் சிதறிவிடும். மேலே விசிறும் கொக்கிகளுக்கும் கீழே இறங்கும் உகரச் சுழிகளுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால், ஒரு பெயருக்கு நாம் நினைப்பதைவிட உயரமும் அதிகம் தேவைப்படும். எழுத்து 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ‘ணை’, ‘இ’ போன்றவற்றின் சுழிகளில் மை அடைந்து கரும்புள்ளி ஆகிவிடுகிறது. பட்டை நிப்பால் தடிப்பும் மெலிவுமாக எழுதுவது தமிழுக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம். ஓலையில் எழுத்தாணியால் ஒரே சீரான கீறலாக வளர்ந்த வடிவங்கள் இவை. முனை உருண்ட நிப்பில் ஒரே தடிமனாக எழுதினால் இயல்பாக நிற்கின்றன. இத்தனை இடம் கேட்பதால், பெயர்களை முதலில் மையில் எழுதிவிட்டு, மலையையும் மரத்தையும் அவற்றைச் சுற்றி அமைக்க வேண்டும். மலையை முடித்தபின் பெயருக்கு இடம் தேடுவது வீண் வேலை.

பெயர்களை எங்கிருந்து எடுப்பது என்றால், பின்னொட்டிலிருந்து தொடங்குவேன். பாளையம், புதூர், பட்டி, வலசு, துறை, குறிச்சி, மங்கலம் என்று கொங்கில் ஓர் ஊர்ப்பெயரின் வாலைப் பிடித்தாலே அதன் வரலாற்றில் ஒரு நுனி கிடைக்கும். வரைபடத்தில் இவற்றைக் கண்டபடி தூவாமல், மேட்டாங்காட்டில் வலசுகளும் புதூர்களும், வாய்க்கால் பாசனத்தில் மங்கலங்களும், ஆற்றைக் கடக்கும் இடத்தில் துறைகளும் என்று ஒழுங்கு வைத்தால், வாசகருக்குக் காரணம் தெரியாமலேயே படம் உண்மையாகத் தோன்றும். முன்னொட்டுகள் மட்டும் புதியவையாக இருக்கட்டும். உள்ளூர் ஊர்ப்பெயரை ஒரெழுத்து மாற்றி வைத்தால் அந்த ஊர்க்காரர் சண்டைக்கு வருவார், அது வேறு தொல்லை.

வண்ணத்துக்கு நான் பயன்படுத்துவது முனை கூரான 6ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றும், கடலுக்கு அகலத் தூரிகை ஒன்றும். அரசுகளுக்கு ஆளுக்கொரு நிறம் அடிப்பதை விட்டுவிட்டேன். மண்ணுக்கு நிறம் கொடுப்பது மேல்: செம்மண்ணுக்கு நீர்த்த பர்ன்ட் சியன்னா, கரிசலுக்குச் சாம்பல் கலந்த சீப்பியா, வயலுக்கு மங்கலான பச்சை. மேய்ச்சல் நிலத்துக்குத் தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்துத் தாளின் மேடுகளை மட்டும் தொட்டுப்போனால் வறட்சி வந்துவிடும். மையை ஓர் இரவு முழுக்கக் காயவிட்டுத்தான் நீர் தொட வேண்டும். கடலுக்கு, பலகையைச் சற்றே சாய்த்துவைத்து, நிறநீரின் விளிம்பு காயுமுன் அடுத்த இழுப்பைக் கொடுத்துக் கீழிறங்க வேண்டும். நம் ஊரில் இங்கேதான் கஷ்டம். சித்திரை வெயிலிலும் ஆடிக்காற்றிலும் விளிம்பு கண்ணெதிரே காய்ந்து கோடாக நின்றுவிடும். தாளை முன்கூட்டியே ஈரப்படுத்திக்கொள்வது ஒரு வழி. ஐப்பசி, கார்த்திகையின் மழைமூட்டமான காலை நேரங்களுக்காகக் கடல்களைச் சேர்த்துவைத்துக்கொள்வது என் வழி.

அளவுகோலில் மைலும் கிலோமீட்டரும் போடுவதற்குப் பதில் காதம் என்று போடுகிறேன். காதத்தின் நீளம் இடத்துக்கு இடம் மாறியது. கற்பனை நாட்டுக்கு அந்த நெகிழ்வே நல்லது, மலைநாட்டுக் காதம் சமவெளிக் காதத்தைவிடக் குறைவு என்று இரண்டு அளவுகோல்கள் வரையலாம். எல்லாப் படமும் பறவைப் பார்வையில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முசிறித் துறைமுகத்தைக் குறித்திருக்கும் பழைய ரோமானிய வழிப்படத்தின் பிரதி, ஏறக்குறைய ஏழு மீட்டர் நீளமுள்ள குறுகிய சுருள். அதில் நாடுகள் நசுங்கியிருக்கின்றன, சாலையும் தூரமும் மட்டும் முறையாக இருக்கின்றன. மேற்குக் கரையிலிருந்து கணவாய் வழியாகக் கிழக்கே வந்த வணிகப் பாதைகளையும், கோவையருகே பாறையில் பெயர் பொறித்த இராசகேசரிப் பெருவழியையும் நினைத்துக்கொண்டு இப்படி ஒரு நீளச்சுருள் வரைந்தால், இருபுறமும் வருவது சத்திரம், கிணறு, சுங்கம், சந்தை ஆகியவை மட்டுமே. வணிகனின் கதைக்கு அந்தப் படம்தான் பொருத்தம். அரசனின் கதைக்குத்தான் மேலிருந்து பார்ப்பது.

இப்போது மேசையில் இருக்கும் தாளில் மேற்குப் பகுதி முழுவதும் மையேறிவிட்டது. கிழக்கில் வாய்க்கால் முடியும் இடம் மட்டும் பென்சிலில் நிற்கிறது. அது ஆற்றில் போய் விழுவதா, ஒரு குளத்தில் அடங்குவதா என்று தீர்மானிக்க வேண்டும். குளத்தில் அடங்கினால் கடைமடையில் ஓர் ஊர் பிழைக்கும். ஆற்றில் விழுந்தால் அந்த ஊர் மேலூரின் தயவில் வாழ வேண்டியிருக்கும், மேலூர்க்காரர்கள் மதகை அடைக்கும் ஆண்டிலிருந்து கதையைத் தொடங்கலாம். இரண்டாவதுதான் வசதி என்று தோன்றுகிறது. இரண்டு ஊர்களுக்கும் பெயர் முடிவானதும் முதலில் பெயர்களை எழுதிவிட்டு, பிறகு மதகைப் போட வேண்டும்.